மேற்குக்குச் சற்று வலப்புறம்

அன்புள்ள அண்ணே,

நான் தவமணி. மடல் எழுதுபவர் தொடக்கத்திலேயே தம் பெயரையும் நோக்கத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறவன் நான். உங்களுக்கு எழுதும்போது மட்டும் அவ்விதியைத் தளர்த்துவது முறையன்று. நோக்கம் இது: இன்று காலை என் வீட்டுக்கு வந்த ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கான விடை உங்களிடம் இருந்தது. நீங்கள் இல்லாத நிலையில் அதை நான் எடுத்துச் சொல்லலாமா என்பதை, உங்களோடு பேசுவதாகவே எண்ணி, முடிவு செய்ய விரும்புகிறேன்.

வந்தவர்கள் இருவர். ஆனையூரில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒரு பள்ளிவாசல் எழும்பவிருக்கிறது. அதற்குக் கிப்லாவை, அதாவது தொழுகையின்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையை, குறித்துத் தர வேண்டும் என்று கேட்டார்கள். இளையவர் கையில் மனையின் வரைபடம் இருந்தது. மூத்தவர் தையற்கடை நடத்துகிறவர். பீரோவிலிருந்து இன்றுதான் எடுத்த வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அவர் நாற்காலியில் அமர்ந்ததும் பாச்சா உருண்டை மணம் எழுந்தது. அடுத்த கணம் நான் ஆரப்பாளையத்தில் இருந்தேன். உங்கள் லாட்ஜின் துணி அறை. அடுக்கடுக்காய்த் தலையணை உறைகள். அவற்றின் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் தடித்த புத்தகத்தோடு நீங்கள். இளையவர் பேசிய முதல் சில வாக்கியங்கள் என் காதில் விழவில்லை. அவரிடம் மீண்டும் சொல்லச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து குறித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். இளையவர் வண்டியை எடுக்கப் போனார். மூத்தவர் மட்டும் வாசற்கதவருகே நின்றார்.

"சார், ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்கள்."

"எங்கம்மா கடேசி ரெண்டு வருசம் படுத்த படுக்கை சார். படுத்துக்கிட்டேதான் தொழுவாக. மேக்குச் செவத்தப் பாத்தாப்புல கட்டிலத் திருப்பிப் போட்டது நாந்தேன். இப்ப பயலுக போன வச்சுக்கிட்டு, நேர் மேக்கு இல்ல, தள்ளியில்ல இருக்குங்குறாய்ங்க. அப்ப நான் தப்பாத் திருப்பிட்டேனா சார்? அம்புட்டும் வீணா?"

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். அது விடையன்று, வெறும் ஒத்திவைப்பு. நான் உங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவன் அல்லன். தொழுகை செல்லும், செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆயினும் அவர் தெருமுனை திரும்பும்வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாலிடெக்னிக்கில் நில அளவை ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், வீடு அமையும்வரை உங்கள் லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்தேன். நீங்கள் அங்கே மேலாளர். மூன்றாம் நாளே, வரவேற்பு மேசைக்கு மேலிருந்த விதிமுறைப் பலகையில் இரண்டாம் விதியும் ஏழாம் விதியும் முரண்படுவதைச் சுட்டிக்காட்டினேன். நீங்கள் பலகையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பிறகு டீ வாங்கிவந்த பணியாளரிடம் சொன்னீர்கள்: "இங்க பாருய்யா, ரூமு கேட்டு வந்தவரு லாட்ஜுக்கே சட்டம் போடுறாரு. இனிமே இவருக்குத் தெனமும் ஒரு டீ நம்ம கணக்குல."

நான் உங்களை அண்ணே என்றேன். நீங்கள் என்னை மாப்ள என்றீர்கள். அண்ணன் என்று அழைப்பவனைத் தம்பி என்றுதானே அழைக்க வேண்டும், முறை பிசகுகிறதே என்று கேட்டேன். "முறையெல்லாம் பொண்ணு குடுக்குறப்பப் பாத்துக்கலாம் மாப்ள. இப்ப ஆறிப் போறதுக்குள்ள டீயக் குடி." அத்துடன் அவ்விவாதம் முடிந்தது. பின்னாளில் உங்கள் மகன் என்னை மாமா என்று அழைக்கத் தொடங்கியபோது, முறை ஒருவாறு நேராகிவிட்டதாகக் கருதி நான் மகிழ்ந்ததை உங்களிடம் சொன்னதில்லை.

நீங்கள் வரலாற்றில் பட்டம் பெற்றவர். இஸ்லாத்தின் தொடக்கக் காலம்தான் உங்களுக்கு உயிர். மதிய வேளையில் லாட்ஜ் ஓய்ந்திருக்கும்; அப்போது துணி அறையில் அமர்ந்து படிப்பீர்கள். படித்ததை லாட்ஜ் நடத்துகிறவரின் கண்ணால்தான் விளக்குவீர்கள். மக்காவில் கொடுமை தாளாமல், கையில் ஒன்றும் இல்லாமல் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்தவர்களையும், வந்த ஒவ்வொருவரையும் ஒரு வீட்டார் உடன்பிறந்தவராக ஏற்றுக்கொண்டதையும் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் மாறும். "எம்புட்டுப் பேரு வந்தும், ரூம் காலி இல்லைன்னு போர்டு மாட்டல மாப்ள அந்த ஊரு. அதுல இருந்துதான் எங்க வருசக் கணக்கே ஆரம்பிக்குது. பொறந்ததுல இருந்து இல்ல, செயிச்சதுல இருந்து இல்ல. எடம் கெடச்சதுல இருந்து."

அதற்கும் முன்பு ஒரு சிறு கூட்டம் கடல் கடந்து அபிசீனியாவின் கிறித்தவ மன்னரிடம் அடைக்கலம் புகுந்ததையும் சொன்னீர்கள். மக்காவின் தலைவர்கள் பின்னாலேயே தூதர்களை அனுப்பி, ஓடிவந்தவர்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். மன்னரோ இரு தரப்பையும் அழைத்துக் கேட்ட பிறகு மறுத்துவிட்டார். நான் இடைமறித்து, இரு தரப்பையும் விசாரித்தாரா என்று கேட்டேன். தலையணை உறையால் என்னை அடித்தீர்கள். "ஆளுக பொழச்சாங்களேன்னு சந்தோசப்படுறானா பாரு! விசாரண ஒழுங்கா நடந்துச்சாங்குறான்!"

நம் கரைக்கு உங்கள் மார்க்கம் எப்படி வந்தது என்பதிலும் உங்களுக்கு ஒரு கருத்து இருந்தது. மிளகுக்கும் முத்துக்குமாகக் கப்பலில் வந்துபோன அரபு வணிகர்களோடு வந்தது. அவர்கள் இங்கே பெண்ணெடுத்தார்கள், வீடு கட்டினார்கள், தொழுமிடம் அமைத்தார்கள் என்பீர்கள். அந்த மாலுமிகள் விண்மீன் பார்த்துத் திசை அறிந்தவர்கள். ஆகவே அவர்கள் மக்காவின் திசையைச் சரியாகவே அறிந்திருப்பார்கள். கடலை விட்டு விலகி உள்நாட்டுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்குத்தான் கப்பலும் மறந்து, விண்மீனும் மறந்து, 'மேற்கு' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியது என்றீர்கள்.

"ஆதாரம் உண்டா அண்ணே?"

"ஆதாரம் இல்ல மாப்ள. ஆச இருக்கு."

ஆதாரம் எது, ஆசை எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மை உங்களிடம் இருந்தது. அதனால்தான் ஆதாரத்தோடு நீங்கள் சொன்னவற்றை நான் முழுமையாக நம்பினேன்.

உங்கள் தெருப் பள்ளிவாசலில் தரையைப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்க முடிவானபோதுதான் அந்தச் சிக்கல் எழுந்தது. நீங்கள் அப்போது பள்ளியை நிர்வகிக்கும் ஜமாஅத்தின் செயலாளர். லாட்ஜிலிருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். "மாப்ள, ஒன் சாமான எடுத்துக்கிட்டு வாய்யா. பயலுக போனக் காட்டி மெரட்டுறாய்ங்க. நம்ம பள்ளி மக்காவப் பாக்கலையாம்; ஆப்பிரிக்காவப் பாக்குதாம்."

தொலைபேசித் திசைகாட்டிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் இடத்தில் காந்த ஊசி பிறழும். ஆகவே நான் ஊசியை நம்பவில்லை. மொட்டைமாடியில் ஒரு கோலை நிறுத்தி, நண்பகலுக்கு முன்னும் பின்னும் அதன் நிழல் சம நீளமாகும் இரு புள்ளிகளைக் குறித்து, உண்மையான வடக்கை எடுத்தேன். பிறகு மக்காவின் இருப்பிடத்தையும் மதுரையின் இருப்பிடத்தையும் கொண்டு, பூமியின் வளைவுக்கேற்பக் கணக்கிட்டேன். விடை ஐயத்துக்கு இடமின்றி வந்தது: மேற்கை நோக்கி நின்றால், வலப்புறமாக, அதாவது வடக்கு நோக்கி, ஏறத்தாழ இருபத்திரண்டு பாகை திரும்ப வேண்டும். மக்கா நமக்கு மேற்கே மட்டும் இல்லை, வடக்கேயும் இருக்கிறது. பள்ளிவாசலின் சுவரோ நேர் மேற்கைப் பார்த்து நின்றது.

அளவைப் படிவத்தில் 'பிழை' என்ற தலைப்பின்கீழ் அதை எழுதப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"பிழைன்னு எழுதாத மாப்ள. அந்தச் செவத்துக்கு நூலு புடிச்சது எங்கத்தா."

அதுவரை எனக்கு அது தெரியாது. உங்கள் தந்தையும் அவருடைய தம்பியும், காலை வெயிலில் விழுந்த நிழலை வைத்து மேற்கைத் தீர்மானித்து, தங்கள் கையாலேயே அந்தப் பள்ளிக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். உங்கள் தந்தை தம் வாழ்நாள் முழுவதும் அந்தச் சுவரை நோக்கித் தொழுதுவிட்டு மறைந்தவர். அந்தத் தம்பி, உங்கள் சின்னத்தா, அப்போது உயிரோடிருந்தார். செய்தி அவர் காதுக்கு எட்டியதும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டு வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம், "எங்கண்ணன் தொழுதது கணக்குல சேராதுன்னா, என்னோடதும் சேர வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இளைஞர்கள் சுவரையே இடிக்க வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் தரையைக்கூடத் தொடக் கூடாது என்றார்கள். உங்கள் குடும்பமே இரண்டாகும் நிலை.

அன்று மாலை துணி அறையில் உங்களைப் பார்த்தேன். புத்தகம் மூடிக் கிடந்தது. ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது விதி மட்டுமே. ஆகவே இப்படிக் கேட்டேன்: "அண்ணே, ஒரு விதி திருத்தப்படும்போது, அது எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்றுதான் முதலில் பார்ப்போம். திருத்தம் பின்னோக்கிச் செல்லுமா? பழைய விதிப்படி நடந்தவர்களின் நிலை என்ன?"

நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஸ்டூல் ஆட ஆடச் சிரித்தீர்கள்.

"ஏய் மாப்ள! இதத்தான்யா அவங்களும் கேட்டாங்க!"

அன்று நீங்கள் சொன்னது இது. நபிகள் மதீனாவுக்கு வந்த பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் முஸ்லிம்கள் ஜெருசலேமை நோக்கியே தொழுதார்கள். பிறகு மக்காவின் கஅபாவை நோக்குமாறு கட்டளை வந்தது. மதீனாவுக்கு வெளியே குபா என்ற ஊரில் மக்கள் வைகறைத் தொழுகையில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து செய்தியைச் சொன்னார். அவர்கள் தொழுகையை முறிக்கவில்லை. நின்ற நிலையிலேயே திரும்பிக்கொண்டார்கள். மதீனாவிலிருந்து ஜெருசலேம் வடக்கே, மக்கா தெற்கே. நான் உடனே ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். இருபத்திரண்டு பாகை அன்று. கிட்டத்தட்ட முழுத் திருப்பம். முன்வரிசை பின்வரிசையாகியிருக்கும், தொழுகை நடத்தியவர் மறுகோடிக்கு நடந்து போயிருக்க வேண்டும். அப்படியொரு திருப்பத்திலும் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர்களுக்குள் ஒரு கவலை எழுந்தது. கட்டளை மாறுவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் இருந்தார்களே, பழைய திசையை நோக்கியே தொழுதுவிட்டு மண்ணுக்குள் போனவர்கள், அவர்கள் தொழுதது என்னவாகும்? அதற்கு விடை வந்தது: உங்கள் நம்பிக்கையை இறைவன் வீணாக்கமாட்டான் என்று. அதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. "மாப்ள, உள்ளுக்குள்ள கெடந்து அரிச்சதை எடுத்துக் கேட்டுட்டாங்க பாரு. கேட்டதாலதான நமக்கும் பதில் கெடச்சுச்சு."

வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொன்னீர்கள். தொழுகைக்குப் பிறகு கூட்டம். பின்னால், செருப்பு விடும் இடத்துக்கு அருகே நின்றேன். உங்கள் சின்னத்தாவை யாரோ அழைத்துவந்திருந்தார்கள். அவர் உட்கார மறுத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொழுகை நடத்தும் ஹஜரத் முதலில் பேசினார்: அத்திசைப் பக்கம் நோக்கி நின்றாலே தொழுகை கூடிவிடும், சற்று விலகியிருப்பதால் பாதகமில்லை, ஆனால் சரியான திசை தெரிந்துவிட்ட பிறகு அதற்குத் திருந்திக்கொள்வது நலம். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. எங்கள் துறையிலும் ஒவ்வோர் அளவைக்கும் அனுமதிக்கப்பட்ட விலகல் என்று ஒன்று உண்டு. அது அலட்சியத்துக்குக் கொடுத்த இடம் அன்று. மனிதக் கைக்கும் கண்ணுக்கும் கொடுத்த மரியாதை.

பிறகு உங்கள் சின்னத்தா கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். எங்கண்ணன் தொழுதாரே, அதுக்கு என்ன சொல்ற? அத மட்டும் சொல்லு."

நீங்கள் குபாவின் வைகறையைச் சொன்னீர்கள். இறந்துபோனவர்களைப் பற்றி எழுந்த கவலையைச் சொன்னீர்கள். வந்த விடையைச் சொன்னீர்கள். மேடைப் பேச்சாக இல்லை; பக்கத்துத் தெருவில் நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது. முடித்ததும் சின்னத்தா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? நாலு நாளா என்னையத் தெருவுல நிப்பாட்டிட்டியே" என்றார். பள்ளியே சிரித்தது.

சுவர் இடிக்கப்படவில்லை. தரைக்கல்லில் வரிசைக்கோடுகளை மட்டும் திருப்பிப் பதிப்பதென முடிவாயிற்று. முதற்கோட்டை நான்தான் குறிக்க வேண்டும். மறுமுனையைப் பிடிக்க இளைஞர் ஒருவர் குனிந்தபோது சின்னத்தா அவரைத் தோளால் ஒதுக்கினார். "தள்ளுடா. அன்னைக்கு எங்கண்ணன் ஒரு முனையப் புடிச்சப்ப, மறுமுனையப் புடிச்சது நாந்தேன்." அந்த வயதில் அவர் மண்டியிட்டு அமர்ந்து, நூலைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். கோடு சுவருக்குச் சாய்வாக விழுந்தது. மூலைகளில் முக்கோணமாக இடம் மிஞ்சியது. "எடம் வீணாப் போகுதே" என்று ஒருவர் குறைப்பட்டார். "ஒனக்குத்தான் கால நீட்டி ஒக்கார எடம் வேணும்னியே, வச்சுக்க" என்றீர்கள்.

அண்ணே, உங்களை அடக்கம் செய்த நாளிலும் இதே பேச்சு வந்தது. ஐப்பசி மழை விட்டிருந்தது. அந்த மையவாடியில் பழைய கபர்கள் எல்லாம் நேர் மேற்கு நோக்கி முகம் இருக்குமாறு தோண்டப்பட்டவை. உங்கள் தந்தைக்கு அருகே உங்களுக்கு இடம். திருத்திய கோணத்தில் தோண்டினால் வரிசை குலையும். உங்கள் மகன் ஹஜரத்தைப் பார்த்தான். இரண்டும் கூடும் என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தான். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" ஒரு நில அளவை ஆசிரியன் சொல்லத் தகாத சொல்லை நான் சொன்னேன். "வரிசை குலைய வேண்டாம்பா. அத்தாவோடு ஒட்டியே இருக்கட்டும்." அதற்காக இதுவரை நான் வருந்தியதில்லை. மண்ணள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, துக்கத்தோடு ஒரு நிம்மதியும் என்னுடன் வந்தது. உங்களுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்ற நிம்மதி.

இனி, இன்று காலைக் கேள்விக்கு வருகிறேன். தகுதி எனக்குண்டா என்று இதை எழுதத் தொடங்கும்போது தயங்கினேன். எழுதிக்கொண்டே வந்ததில் நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. உங்களிடம் கேட்டறிந்த அபிசீனியச் செய்தியை என் மாணவர்களுக்குச் சொல்லலாமா, அது உங்கள் மார்க்கத்தில் தலையிடுவதாகுமா என்று நான் கேட்டபோது சொன்னது: "நடந்தத யாரு வேணா சொல்லலாம் மாப்ள. தீர்ப்பச் சொல்றதுக்குத்தான் ஆளு வேணும்." விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது தயங்குவதற்கு ஒன்றுமில்லை. தீர்ப்பு வேண்டுமானால் அவரை ஹஜரத்திடம் அனுப்புவேன். நடந்ததை நான் சொல்வேன். குபாவில் நடந்ததைச் சொல்வேன். ஆரப்பாளையத்தில் நடந்ததையும் சொல்வேன்.

உங்களிடமிருந்து நான் இன்றும் சுமந்து திரிவது இதுதான். திருத்துவது வேறு, பழிப்பது வேறு. கோட்டை எவ்வளவு வேண்டுமானாலும் துல்லியமாகப் போடலாம். முன்பு கோடு போட்டவரின் கையைத் தட்டிவிட வேண்டியதில்லை. வகுப்பில் மாணவரின் அளவைப் படிவத்தைத் திருத்தும்போது, இப்போதெல்லாம் சிவப்பு மையை எடுக்குமுன் அவர் எதைப் பார்த்து அளந்தார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் எதையோ உண்மையாகவே பார்த்துத்தான் அளந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன நாளை மாற்றுவது என் வழக்கம் அன்று. ஆனால் இன்று புதன்கிழமை. தாயின் கட்டிலைத் தன் கையால் திருப்பிப் போட்ட ஒருவர் இந்தக் கேள்வியோடு மேலும் நான்கு இரவு படுக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலுக்குக் குறிக்க வேண்டிய கோடு ஞாயிறு வரை காத்திருக்கும். பிற்பகலின் அஸர் தொழுகை முடிந்து அவர் கடைக்குத் திரும்பியிருப்பார். கருவிப் பெட்டியை எடுக்கப் போவதில்லை. அங்கே நான் அளக்க வேண்டியது ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இப்போதே அவரிடம் போகிறேன்.

உங்கள்
தவமணி